அவித்த சோளமும் அடைபட்ட சாலையும்: கம்போங் ராஜா நெரிசலை முன்கூட்டிச் சொல்லும் முறை குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவையும் களமும்

நெரிசல் ஆராய்ச்சி இதுவரை பெருநகரங்களின் ஏகபோகச் சொத்தாகவே இருந்துவந்திருக்கிறது. ஜகார்த்தாவுக்கும் மணிலாவுக்கும் சென்னைக் கத்திப்பாராவுக்கும் கிடைத்த அறிஞர் கவனம், தேயிலைச் சரிவுக்கும் முட்டைக்கோஸ் பாத்திக்கும் நடுவே ஒரு வண்டியின் புகையை அடுத்த வண்டி முகர்ந்துகொண்டு மணிக்கணக்கில் நிற்கும் ஒரு மலைச்சாலைக்குக் கிடைக்கவில்லை. ஊரின் அளவைப் பார்த்து ஆய்வுக்களத்தைத் தேர்ந்தெடுக்கும் இந்தப் பழக்கம் அறிவியலுக்கு அழகல்ல. நெரிசல் என்பது வண்டிகளின் எண்ணிக்கை அல்ல. போக வேண்டியவர் போக முடியாமல் இருக்கும் நிலை. அந்த அளவுகோலால் அளந்தால், பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கேமரன் மலையின் வடகோடியில் இருக்கும் கம்போங் ராஜா எந்தத் தலைநகருக்கும் இளைத்ததல்ல. பள்ளி விடுமுறை நாளொன்றில் இங்கிருந்து பிரிஞ்சாங் போய்வர நினைக்கும் ஒருவர், கோலாலம்பூர்வாசி அனுபவிக்கும் துன்பம் அனைத்தையும் குளிரோடு சேர்த்து அனுபவிக்கிறார்.

களத்தைச் சற்று விளக்குவோம். தாப்பாவில் புறப்படும் 59ஆம் கூட்டரசுச் சாலை ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று ஏறி, கியா ஃபார்ம், திரிங்காப், கோலா தெர்லா வழியாகக் கம்போங் ராஜாவை அடைகிறது. இன்னொரு பக்கம், ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயில் தொடங்கும் 185ஆம் சாலை கம்போங் ராஜாவைத் தொட்டுவிட்டு லோஜிங், குவா மூசாங் என்று கிளந்தானுக்குள் இறங்கிப் போகிறது. தாப்பா சாலை 1930களின் தொடக்கத்திலேயே மேலே வந்துவிட்டது. சிம்பாங் பூலாய் சாலை வந்ததோ 2000களின் தொடக்கத்தில். ஆக, சுமார் எழுபது ஆண்டுகள் கம்போங் ராஜா மலையின் கொல்லைப்புறமாக இருந்தது. புளூ வேலித் தோட்டத்துக் கொழுந்தும் பள்ளத்தாக்குக் காய்கறியும் அங்கிருந்து இறங்கின; மற்றபடி யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. புதுச் சாலை திறந்ததும் கொல்லைப்புறம் ஒரே நாளில் முன்வாசலாயிற்று. ஈப்போ, பினாங்கு, கிளந்தான் கார்கள் எல்லாம் இந்த முச்சந்தியில் திரும்பித்தான் ஸ்ட்ராபெரி பார்க்கப் போகின்றன. மாவட்டத்தின் ஊர்கள் எல்லாம் ஒரே சாலையில் வரிசையாக இருப்பதால், நடுவில் அடைத்துக்கொண்டால் சுற்றிப்போகச் சொல்லிக்கொள்ளும்படி வேறு வழியும் கிடையாது.

இந்தச் சாலையின் நெரிசலை முன்கூட்டியே சொல்ல முடியுமா, முடியுமென்றால் எதைக் கொண்டு என்பதே நம் கேள்வி. இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து ஒன்றே ஒன்றுதான்: இதற்குத் தகுதியான கருவி செயற்கைக்கோளும் அல்ல, கைப்பேசியும் அல்ல, கியா ஃபார்ம் சாலையோரத்தில் விடியற்காலையில் அடுப்பேறும் சோளப் பாத்திரமே. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கட்டும். சான்றுகளை அதற்குப் பிறகு வைக்கிறோம்.

2. முன்னோர் கண்ட முறைகளும் அவற்றின் போதாமையும்

போக்குவரத்துக் கணிப்பின் மூலவர்களில் ஒருவர் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ். 1930களில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலச் சாலையோரத்தில் கேமராவை நிறுத்தி, போகும் கார்களைப் படமெடுத்து, சாலையில் வண்டிகளின் நெருக்கம் கூடக்கூட வேகம் சீராகக் குறையும் என்று கண்டார். மறுக்க முடியாத உண்மை. ஆனால் அவருடைய கோட்பாட்டில் ஓட்டுநரின் கண் எப்போதும் முன்னே போகும் வண்டியின் மீது இருக்கிறது. கியா ஃபார்மில் ஓட்டுநரின் கண் முன்னால் இருப்பதே இல்லை. இடப்பக்கம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வலப்பக்கம் பெட்டி பெட்டியாக ஸ்ட்ராபெரி, சற்றுத் தள்ளித் தேன், அதற்கடுத்துக் கள்ளிச்செடி. முன்னே சாலை காலியாகக் கிடந்தாலும் அவர் வேகம் கூட்டமாட்டார். தக்காளி விலையைப் படித்து முடித்த பிறகே காலை ஆக்ஸிலேட்டரில் வைப்பார். ஒஹையோவில் சாலையோரக் கடைகள் இருந்திருந்தால் கிரீன்ஷீல்ட்ஸின் கோடு அவ்வளவு நேராக வந்திருக்குமா என்பது ஐயமே.

அடுத்து 1964இல் அமெரிக்கப் பொதுச்சாலைகள் அலுவலகம் வெளியிட்ட சூத்திரம். உலகெங்கும் சாலைத் திட்டமிடுவோர் இன்றும் கையாள்வது. அதன்படி ஒரு சாலையின் கொள்ளளவுக்குச் சரியாக வண்டிகள் வந்தால் பயண நேரம் 15 விழுக்காடு கூடும். கொள்ளளவைப் போல இரு மடங்கு வந்தால் நேரம் 3.4 மடங்காகும். கணக்கு சரி. ஆனால் கொள்ளளவு என்பது மாறாத ஓர் எண் என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. போக ஒரு தடம், வர ஒரு தடம் உள்ள சாலையில், ஒரு கார் பாதி உடலை ஓரத்திலும் மீதிப் பாதியைத் தார்ச்சாலையிலும் வைத்துக் கொண்டு நின்றால், அந்த நிமிடத்தில் அந்தத் தடத்தின் கொள்ளளவு சுழியம். சுழியத்தால் வகுக்கக் கூடாது என்பது தொடக்கப்பள்ளிப் பாடம். ஆகவே நம் சாலையைப் பொறுத்தவரை அமெரிக்கச் சூத்திரம் கணக்கிலக்கணப்படியே செல்லாது.

மூன்றாவதாக, 2008இல் வெளியான ஜப்பானியச் சோதனை. இயற்பியலாளர் யூகி சுகியாமாவின் குழு 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரும் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் சீராக ஓட்டுங்கள் என்றது. விபத்தில்லை, சிக்னல் இல்லை, மேடு பள்ளம் இல்லை. ஆனாலும் சற்று நேரத்தில் காரணமே இல்லாமல் ஒரு நெரிசல் முளைத்து, வண்டிகளின் திசைக்கு எதிராகப் பின்னோக்கி நகர்ந்தது. ஒருவர் லேசாகப் பிரேக்கை மிதித்தால் போதும், பின்னால் வருபவர் இன்னும் அழுத்தி மிதிக்க, அது வளர்ந்துகொண்டே போகும் என்பது இதன் பாடம். நம் ஆய்வுக்கு இந்தச் சோதனை மிகவும் பயன்படுகிறது. காரணமே இல்லாமல் 22 கார்களுக்கு இந்தக் கதி என்றால், காரணத்தோடு வரும் ஆயிரக்கணக்கான கார்களின் கதியை ஊகிப்பது எளிது. எனினும் நெரிசல் எப்படி வளர்கிறது என்றுதான் ஜப்பானியர் சொன்னார்கள். நாளைக்கு வருமா என்று சொல்லவில்லை. கம்போங் ராஜாவில் இருப்பவருக்கு வேண்டியது இரண்டாவது.

3. நாள்காட்டி ஏன் போதாது

“இதற்கு ஆராய்ச்சி எதற்கு? நாள்காட்டியைப் பார்த்தால் தெரியாதா?” என்று கேட்போர் உண்டு. விடுமுறை என்றால் நெரிசல், வேலைநாள் என்றால் காலி. இந்தக் கருத்தை எள்ளி நகையாட முடியாது. பாதி உண்மை இதில் இருக்கிறது. மீதிப் பாதிதான் தொல்லை. முதலில், வார இறுதி என்பதே மலேசியாவில் ஒன்றல்ல. கிளந்தான், திரங்கானு, கெடா மாநிலங்களில் அது வெள்ளியும் சனியும். மற்ற இடங்களில் சனியும் ஞாயிறும். ஆகவே லோஜிங் பக்கமிருந்து வரும் கூட்டம் வெள்ளிக்கிழமையே கம்போங் ராஜாவில் தலைகாட்டும். கோலாலம்பூர்க் கூட்டம் ஞாயிறு மாலைதான் இறங்கும். இரண்டும் மேலே ஒன்றாக இருப்பது சனிக்கிழமை. சனிக்கிழமை கியா ஃபார்மில் நடப்பது இரண்டு தனித்தனி வார இறுதிகளின் சங்கமம். நடுவில் ஜொகூர் வேறு 2014இல் வெள்ளி–சனிக்கு மாறி, 2025 ஜனவரியில் மறுபடி சனி–ஞாயிறுக்குத் திரும்பியது. ஒரு மாநில அரசு அலுவலகம் எந்த நாளில் கதவைச் சாத்துகிறது என்பது பல நூறு கி.மீ. தொலைவிலுள்ள முட்டைக்கோஸ் கடையின் வாசலைத் தொடும் என்பதைப் பழைய நூல்கள் எதுவும் குறிப்பிடவில்லை.

அடுத்தது பள்ளி ஆண்டு. நெடுங்காலமாக மலேசியப் பள்ளிகள் ஜனவரியில் திறந்தன. நவம்பர், டிசம்பரில் நீண்ட விடுமுறை. 2022இல் கல்வியாண்டு மார்ச்சுக்குத் தள்ளிப் போயிற்று. 2026இல் மீண்டும் ஜனவரிக்கே வந்துவிட்டது. பத்தாண்டுத் தரவை ஊட்டி வளர்த்த எந்தக் கணினி மாதிரியும் இந்த நான்கு ஆண்டுகளில் திக்குத் தெரியாமல் தவித்திருக்கும். ஏனென்றால் கணினிக்கு டிசம்பர் என்றால் டிசம்பர்தான். பிள்ளைகளின் பள்ளிப்பை எந்த ஆணியில் தொங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. நோன்புப் பெருநாளோ இன்னும் நுட்பமானது. பிறை பார்த்து, முன்தினம் இரவு தொலைக்காட்சியில் அறிவித்த பிறகே நாள் உறுதியாகிறது. வானில் ஒரு மெல்லிய கீற்று தெரிந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து கோலா தெர்லாவில் நெரிசல் ஒரு நாள் முன்போ பின்போ நகரும். சீனப் புத்தாண்டு, தீபாவளி, தைப்பூசம் என்று மற்ற பெருநாள்களும் தங்கள் பங்கைச் செலுத்துகின்றன. தீபாவளிக்கு மலையேறும் கார்களில் கணிசமானவை சுற்றுலாக் கார்களே அல்ல. தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்துவிட்டு, அம்மா அப்பாவைப் பார்க்க வருகிற பிள்ளைகளின் கார்கள். அவர்களும் கியா ஃபார்மில் நின்று அம்மாவுக்கு ஒரு பை கிழங்கு வாங்கித்தான் போகிறார்கள் என்பதால், உறவுக்காரர்களைக் கணக்கிலிருந்து விலக்க முடியாது.

நாள்காட்டிக் கொள்கைக்கு இறுதி அடி கொடுத்தது 2020. அவ்வாண்டு மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சாலை அதே சாலை. வளைவுகள் அதே வளைவுகள். சனிக்கிழமைகளும் தவறாமல் வந்தன. நெரிசல் மட்டும் இல்லை. வாங்க ஆளில்லாமல் காய்கறியைக் குப்பையில் கொட்டிய விவசாயிகளின் படங்கள் நாளிதழ்களில் வந்தன. பிறகு 2021 அக்டோபர் 11இல் மாநிலம் விட்டு மாநிலம் போகலாம் என்று அனுமதி கிடைத்ததும், வண்டிகள் மலைக்குத் திரும்பின. அக்டோபர் 11 ஒரு திங்கட்கிழமை. பெருநாளும் அல்ல, பொதுவிடுமுறையும் அல்ல. நெரிசலை உண்டாக்குவது தேதியல்ல, போக வேண்டும் என்ற மனிதரின் எண்ணமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை எந்தப் பல்கலைக்கழகமும் நடத்த முடியாது. ஆகவே நமக்கு வேண்டிய கருவி, மனிதர்களின் எண்ணத்தை அவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

4. சோளக் குறியீடு

எதை அளப்பது? தேயிலையை அளக்கலாமா என்றால், அது உதவாது. கொழுந்து சுற்றுலாப் பயணியைக் கேட்டு வளர்வதில்லை. பெருநாளானாலும் மழைநாளானாலும் முற்றுமுன் பறித்தாக வேண்டும். பொட்டலத்தில் அடைத்த தூளோ மாதக்கணக்கில் கெடாது. கடைத்தட்டில் எத்தனை பொட்டலம் அடுக்கியிருக்கிறது என்பதிலிருந்து நாளையைப் பற்றி எதுவும் தெரியாது. முட்டைக்கோஸும் கீரையும் பெரும்பகுதி லோரியேறி மொத்தச் சந்தைகளுக்குப் போகின்றன. அவற்றின் வாடிக்கையாளர் கீழே இருக்கிறார், சாலையில் இல்லை. தங்கும் விடுதிகளின் முன்பதிவைப் பார்க்கலாம் என்பார்கள். அது விடுதிக்காரர்களின் தொழில் ரகசியம். தவிர, காலையில் ஈப்போவிலிருந்து ஏறி மாலையில் இறங்குகிறவர் முன்பதிவே செய்வதில்லை. அவரும் மற்றவரைப் போலவே இடத்தை அடைத்துக்கொள்கிறார்.

எஞ்சுவது சோளம். இதன் சிறப்பு அதன் பலவீனத்தில் இருக்கிறது. கதிரை ஒடித்த நிமிடத்திலிருந்து அதன் சர்க்கரை மாவாக மாறத் தொடங்குகிறது. நேற்று ஒடித்தது இன்று அவ்வளவு இனிக்காது. அவித்த பிறகோ அன்றைக்கே விற்றாக வேண்டும். ஆகவே கடைக்காரர் ஒவ்வொரு நாளும் விடியற்காலையில், முதல் கார் வரும் முன்பே, இன்று எத்தனை பேர் வருவார்கள் என்று தீர்மானித்தாக வேண்டும். காட்சியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பனி இன்னும் விலகாத நேரம். நீலப் பிளாஸ்டிக் கூரையின் கயிற்றை இழுத்துக் கட்டுகிறார். கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று கையாலேயே எடை போடுகிறார். பெரிய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுகிறார். பிறகு கூடைக்கு முன் ஒரு கணம் நிற்கிறார். ஒரு பாத்திரமா, இரண்டா? போக்குவரத்து அறிவியல் முழுவதும் விடை தேடும் கேள்வி அந்த ஒரு கணத்தில் இருக்கிறது. அவர் பள்ளி விடுமுறையை நினைக்கிறார், நேற்று இரவு எத்தனை கார் மேலேறியது என்பதை நினைக்கிறார், மழை மேகத்தைப் பார்க்கிறார், பிறை அறிவிப்பை நினைவுகூர்கிறார், லோஜிங்கில் மண்சரிவு என்று வாட்ஸ்அப்பில் வந்ததையும் சேர்த்துக்கொள்கிறார். பிறகு இரண்டாவது பாத்திரத்தை எடுத்து வைக்கிறார், அல்லது வைக்கவில்லை. இந்தக் கணிப்பு தவறினால் அவருக்கு நட்டம். கைப்பேசிச் செயலி தவறினால் அதற்கு ஒரு காசும் நட்டமில்லை. தவறுக்குப் பணம் கட்டுகிறவரின் சொல்லை நம்பு என்பது எல்லாச் சந்தைகளிலும் செல்லுபடியாகும் விதி.

இதன் அடிப்படையில் நாம் முன்மொழியும் அளவுகோல் வருமாறு. பிரான்சில் பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்ற நான்கு நிற வரிசையை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். கடைக்கு ஒரு பாத்திரம் அடுப்பில் இருந்தால் பச்சை: தாராளமாகக் கிளம்பலாம். இரண்டு பாத்திரம் என்றால் ஆரஞ்சு. இரண்டு பாத்திரத்தோடு ஸ்ட்ராபெரிக்குச் சாக்லேட்டும் உருகிக்கொண்டிருந்தால் சிவப்பு. மேற்கண்டவற்றோடு, பள்ளி விடுமுறையில் வீட்டில் சும்மா இருந்த அக்காள் மகனையும் எழுப்பிக் கொண்டுவந்து கல்லாப்பெட்டிக்கு முன் உட்காரவைத்திருந்தால், கறுப்பு: தானா ராத்தாவில் வேலை இருந்தால் அடுத்த வாரத்துக்கு ஒத்திப்போடுவது உத்தமம். நெரிசலின் நீளத்தை அளக்கும் அலகு ‘கதிர்’. ஒரு கதிர் என்பது ஒரு கார் ஒரு சோளம் வாங்கும் நேரம். கார் மெதுவாகிறது, கண்ணாடி இறங்குகிறது. “அக்கா, எவ்வளவு?” “மூணு பத்து வெள்ளி, தம்பி. இனிப்பு, கடிச்சுப் பாருங்க.” உள்ளே ஆலோசனை நடக்கிறது. “கீழே இதைவிட மலிவாத்தாங்க கிடைக்கும்” என்று ஒரு குரல். பின் இருக்கையில் பிள்ளை அழுகிறது. சிவப்புப் பத்து வெள்ளித் தாள் தேடப்படுகிறது, ஐம்பதுதான் இருக்கிறது, கியூஆர் போடலாமா என்று கேட்கிறார்கள், மலையில் சிக்னல் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. கண்ணாடி ஏறி, கார் மூன்று அடி நகர்ந்து, வெண்ணெய் தடவச் சொல்ல மறந்தது நினைவுக்கு வந்து மறுபடி நிற்கும்வரை உள்ள மொத்தக் காலமே ஒரு கதிர். இதை நொடிகளில் சொல்ல முடியாது, சில்லறையைப் பொறுத்தது. ஜப்பானியச் சோதனையில் ஒருவர் லேசாகப் பிரேக்கை மிதித்ததற்கே நெரிசல் முளைத்தது என்பதை நினைவில் கொண்டால், அரைக் கதிர் நேரம் திரிங்காப் வரை எட்டும் என்பது விளங்கும்.

5. மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு கைப்பேசிக்காரர்களுடையது. வேஸ் இருக்கிறது, கூகுள் வரைபடம் இருக்கிறது. அவை சிவப்புக் கோடு போட்டுக் காட்டும்போது சோளம் எதற்கு என்கிறார்கள். சிவப்புக் கோடு காட்டுவது ஏற்கெனவே நின்றுவிட்ட வண்டிகளை. நிற்பவர்களின் கைப்பேசிகளிலிருந்துதான் அந்தச் செய்தியே வருகிறது. வந்துவிட்டதை அறிவிப்பது செய்தி. வரப்போவதைச் சொல்வதே முன்கணிப்பு. மேலும், அந்தச் செயலிகளின் முழுத் திறமையும் மாற்றுவழி சொல்வதில் இருக்கிறது. ஒரே சாலை உள்ள இடத்தில் அவை செய்யக்கூடியதெல்லாம், வேறு வழியில்லை என்பதை இனிய குரலில் சொல்வது மட்டுமே. இங்கே பயனுள்ள அறிவு ஒன்றுதான்: எப்போது கிளம்புவது, அல்லது கிளம்பாமல் இருப்பது. அதை ஏழு மணிக்கே சொல்வது பாத்திரம்.

இரண்டாம் மறுப்பு கூர்மையானது. சோளம் நெரிசலைச் சொல்லவில்லை, உண்டாக்குகிறது என்கிறார்கள். ஆவி பறக்கும் பாத்திரத்தைப் பார்த்துத்தானே கார்கள் நிற்கின்றன? குறியீடும் காரணமும் ஒன்றானால் அது ஆய்வா? இதை நாம் மறுக்கவில்லை, வரவேற்கிறோம். பாதரசம் இறங்கினால் மழை வரும் என்று சொல்கிற மானி, மழையையும் தானே கொண்டுவந்து கொட்டுமானால், அதன் துல்லியத்தை யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டு பாத்திரம் வைத்தவர் கூட்டம் வரும் என்று கணித்தார். கூட்டம் குறைவாக வந்தாலும், விற்றுத் தீர்க்க வேண்டுமென்று இன்னும் உரக்கக் கூவுகிறார். கூவலைக் கேட்டு இன்னும் சில கார்கள் நிற்கின்றன. கணிப்பு பொய்க்காது. வேறெந்த அறிவியல் துறையும் தன் கணிப்பை இவ்வளவு அக்கறையோடு நிறைவேற்றித் தருவதில்லை.

மூன்றாவதாக, கடைக்காரர்களும் தவறுவார்கள் என்கிறார்கள். உண்மை. திடீர் மழை, சாலையில் மரம் விழுவது, மண்சரிவு இவையெல்லாம் எந்தப் பாத்திரத்துக்கும் தெரியாது. ஆனால் ஒரு கடையின் தவறு வேறு, வரிசையாக உள்ள கடைகள் அனைத்தின் தவறு வேறு. ஒருவர் மிகையாக நம்பலாம், மற்றொருவர் அஞ்சலாம். எல்லாப் பாத்திரங்களையும் கூட்டினால் இரண்டும் ஈடாகிவிடும். பக்கத்துக் கடைக்காரர் எத்தனை வைத்தார் என்று ஓரக்கண்ணால் பார்த்துத் தன் எண்ணிக்கையை மாற்றிக்கொள்வதும் உண்டு. அறிஞர் உலகில் இதற்குச் சக ஆய்வாளர் மதிப்பீடு என்று பெயர். அதற்கும் மேலாக, இந்தக் கணிப்பாளர்கள் தனியாக இல்லை. காய்கறி லோரிக்காரர்கள் பகற்கூட்டத்தைத் தவிர்த்து இருட்டும் வேளையில் இறங்குவதும், கம்போங் ராஜா குடும்பங்கள் மருத்துவமனைத் தேதியை வார நடுவில் கேட்டு வாங்குவதும் அதே அறிவின் வேறு வடிவங்கள். எழுதிவைக்காத முன்கணிப்பு இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது.

நான்காவது, மெய்யியல் மறுப்பு. கணிப்பை வெளியிட்டால் கணிப்பே பொய்யாகுமே? சனிக்கிழமை பத்து மணிக்கு நெரிசல் என்று அறிவித்தால், எல்லோரும் ஐந்து மணிக்கே கிளம்பி, எட்டு மணிக்கே அடைத்துக்கொள்வார்கள். மக்கள் நம்பும் கணிப்பு தன்னையே கெடுத்துக்கொள்ளும் என்ற சிக்கலை 1928இலேயே பொருளியலாளர் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்ன் எழுப்பினார். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. 1975 ஆகஸ்டு தொடக்கத்தில் நாடே ஒரே நாளில் விடுமுறைக்குக் கிளம்பி நூற்றுக்கணக்கான கி.மீ. நீளத்துக்குச் சாலைகளை அடைத்ததைக் கண்டு, மறு ஆண்டே ‘பிஸோன் ஃப்யூத்தே’ என்ற முன்னறிவிப்பைத் தொடங்கினார்கள். மேலே நாம் கடன் வாங்கிய நான்கு நிறங்கள் அங்கிருந்து வந்தவை. ஜப்பானில் கிழக்கு நெடுஞ்சாலை நிறுவனம் நெரிசல் முன்னறிவிப்பாளர் என்று ஒரு பதவியே வைத்திருக்கிறது. மலேசியாவிலும் பெருநாள் காலங்களில் பிளஸ் நெடுஞ்சாலை நிறுவனம் எந்த நேரத்தில் புறப்படலாம் என்று அட்டவணை தருகிறது. மக்கள் கொஞ்சம் கேட்பார்கள், கொஞ்சம் கேட்கமாட்டார்கள்; அந்தக் கொஞ்சமே நெரிசலைப் பரப்பி மெலிதாக்குகிறது. சோளக் குறியீட்டுக்கோ இந்தச் சிக்கலே இல்லை. கூட்டம் முன்கூட்டி வரத் தொடங்கினால், அடுப்பும் முன்கூட்டியே பற்றும்.

கடைசி மறுப்பு: சாலையை அகலப்படுத்திவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா, ஆய்வே தேவைப்படாதே? அமெரிக்கப் பொருளியலாளர் அந்தோனி டவுன்ஸ் 1962இல் எழுதியது நினைவுக்கு வருகிறது: நகரப் பெருஞ்சாலையில் உச்சநேர நெரிசல், சாலை எவ்வளவு பெரிதானாலும் அதன் கொள்ளளவை எட்டும்வரை வளரும். இவ்விதியைக் கியா ஃபார்முக்குப் பொருத்தும்போது ஒரு சிறு திருத்தம் வேண்டும். அங்கே அகலமாகும் ஒவ்வொரு அடியிலும் ஓடும் கார் வராது. நிற்கும் கார் வரும். இரண்டு தடத்தை நான்காக்கினால் ஓரத்தில் இரண்டு வரிசை நின்று சோளம் வாங்கும், நடுவில் பழையபடி இரண்டு தடம் மிஞ்சும். மலையைக் குடைந்து மண்ணைச் சரியவிட்டுக் கிடைக்கும் பலன் இதுவென்றால், அந்தப் பணத்தில் கடைகளுக்குப் பின்னால் ஒரு நல்ல வாகன நிறுத்துமிடம் அமைப்பது மேல். நெரிசலின் வேர் ஓட்டத்தில் இல்லை, நிற்பதில் இருக்கிறது. கடைக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் முறையல்ல. அவர் பாத்திரம் வைத்தது வாங்குவோர் இருப்பதால்தான். சாலையின் நடுவில் நின்று வாங்கச் சொல்லி அவர் யாரையும் கேட்கவில்லை.

6. முடிவு

மேற்கண்டவற்றால் நிறுவப்படுவது இதுவே. கம்போங் ராஜா சாலையின் நெரிசல், சாலையின் இயல்பால் வருவதல்ல. வருகிறவர்களின் எண்ணத்தால் வருவது. அந்த எண்ணத்தை அவர்களுக்கு முன்பே அறிந்து, அதன்மேல் சொந்தப் பணத்தைப் பணயம் வைப்பவர் சோளக்காரர் ஒருவரே. ஆகவே கணிப்புக் கருவிகளுள் அவித்த சோளமே முதலிடம் பெறத் தக்கது. வேஸுக்கு இரண்டாம் இடம். அமெரிக்கச் சூத்திரத்துக்கு இடமில்லை. சாலைத் துறையினர் பல இலட்சம் வெள்ளிக்கு உணர்கருவிகள் வாங்க நினைத்தால், அதற்கு முன் ஒரு மாதம், காலை ஏழு மணிக்கு, ஓர் அலுவலரை அனுப்பிப் பாத்திரங்களை எண்ணச் சொல்லிப் பார்க்கலாம். செலவு, அவருடைய காலைச் சாப்பாடு மட்டும்.

மலைக்கு வரவிருக்கும் வாசகருக்கு ஆய்வின் பலனாக இரண்டு யோசனைகள். முடிந்தால், பள்ளி நடக்கும் வாரத்தில் திங்கள் முதல் வியாழன் வரைக்குள் வாருங்கள். முடியாவிட்டால், சனிக்கிழமையே வாருங்கள், சோளமும் வாங்குங்கள். ஆனால் வாங்குமுன் வண்டியை முழுவதுமாகச் சாலையைவிட்டு இறக்கி நிறுத்துங்கள். மாவட்டத்தின் அரசு மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது; கம்போங் ராஜாவிலிருந்து அங்கே போகிறவருக்கும் இந்த ஒரு சாலைதான்.